பன்றி விழாத வெடி

நான் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிரிட்டிஷ் படைவீரனாக இருந்திருக்கிறேன். கனவில் இல்லை, நுவரெலியா மாவட்டத்தில். சிவப்புக் கோட்டு, பித்தளைப் பித்தான்கள், மார்பின் குறுக்கே வெள்ளை வார், கையில் என் தோளளவு உயரத்துக்கு ஒரு துவக்கு. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அவன் விட்டுப்போன உத்தியோகத்தில் நான் சம்பளமில்லாமல் போய்ச் சேர்ந்தேன். (சம்பளத்துக்குச் செய்தவனையாவது வயிற்றுப்பாடு என்று மன்னித்துவிடலாம்.)

இதை வெளியில் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வதைவிட நான் சொல்வதில் சேதாரம் கொஞ்சம் குறைவு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. லிந்துலைப் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருந்தார்கள். அதில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வருகிறவர்களுக்குச் சிரிப்பதும் சாவி கொடுப்பதும்தான் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஹோட்டலின் புல்வெளிக்கு ஒரு கூட்டம் வரும். தங்களைத் தொண்டர் படை என்று சொல்லிக்கொள்ளும் பதின்மூன்று ஆண்கள். எல்லோரும் வளர்ந்தவர்கள், பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். தேயிலை வருவதற்கு முந்தைய கோப்பிக் காலத்தில் மலைநாட்டில் இருந்த வெள்ளைக்காரத் தொண்டர் படை எப்படி உடுத்தது, எப்படி நடந்தது, எப்படிச் சுட்டது என்பதை அப்படியே நடத்திக் காட்டுவது அவர்களுடைய பொழுதுபோக்கு. சிலர் முத்திரை சேர்ப்பார்கள், சிலர் கிளி வளர்ப்பார்கள். இவர்கள் கோடாலித் தைலம் பூசிக்கொண்டு லெஃப்ட் ரைட் போட்டார்கள்.

இந்தப் பதின்மூன்று பேருக்கும் மேலே ஒரு தலைவர், பெயர் டெரிக். எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஒருநாளும் ஓடாத மனிதர். கேப்டன் பட்டத்தை யார் கொடுத்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். பொறுப்பு தானாக வந்து சேர்ந்ததாகச் சொன்னார்.

அவர் வாயில் ஓயாமல் வரும் வார்த்தை 'அசல்'. எல்லாம் அசலாக இருக்க வேண்டும். கோட்டில் எட்டுப் பித்தானா ஒன்பதா என்று இரண்டு மணி நேரம் சண்டை போடுவார்கள். நூல் மெஷினில் தைத்ததா கையால் தைத்ததா என்று ஒருவர் கையை ஒருவர் தூக்கி அக்குளைப் பார்ப்பார்கள். கைக்கடிகாரம் கட்டி வந்ததற்காக ஒரு பல் டாக்டரை வரிசையிலிருந்து வெளியே அனுப்பியதை நானே பார்த்தேன். துவக்குகள் மட்டும் புதிது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மாதிரியில் வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்று நேற்றுச் செய்தது. அதற்குள் போடுவது கறுப்பு வெடிமருந்து. காகிதச் சுருளைப் பல்லால் கடித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, காகிதத்தையும் திணித்து, இரும்புக் கோலால் இடித்து, பின்பக்கம் பொட்டுப் பட்டாசு மாதிரி ஒரு சின்னக் கேப்பு வைத்துச் சுட வேண்டும். குண்டு கிடையாது. சத்தமும் புகையும் மட்டுந்தான். அந்தப் படைக்கு அதுவே தாராளம்.

இதற்கெல்லாம் பொலிஸ் அனுமதி உண்டு. அனுமதிக்கு அடையாளமாக ஒரு கான்ஸ்டபிள் வந்து சமையலறைப் பக்கம் பெட்டிஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

என்னை முதலில் எடுத்தது கூலி வேஷத்துக்கு. துரைகள் இருந்தால் கூலிகள் இருக்க வேண்டுமல்லவா? அதற்கு ஹோட்டல் வேலையாட்களைப் பிடித்துவிடுவார்கள். இங்கேதான் ஒரு வேடிக்கை. பித்தானுக்கு இரண்டு மணி நேரம் சண்டை போட்ட மனிதர்கள், கூலிக்கு என்ன உடுப்பு என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. உரப்பையில் தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை, முகத்தில் அடுப்புக்கரி. முடிந்தது. எப்படி நிற்க வேண்டும் என்று கேட்டதற்குக் கேப்டன், கொஞ்சம் குனிந்தால் போதும் என்றார்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அடுத்தடுத்துப் பன்னிரண்டு வீடு, ஒரே கூரை. அப்பா இருந்தவரை தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். அம்மா அப்போதும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்த உரப்பையைத் தலை வழியாக மாட்டியபோது எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. எனக்கு வந்தது சிவப்புக் கோட்டின் மேல் ஆசை.

ஆகவே பொய் சொன்னேன். நல்ல ஆங்கிலம் பேசுகிறாயே, என்ன குடும்பம் என்று கேப்டன் கேட்டபோது, நுவரெலியா டவுன் என்றேன். அப்பா தேயிலைத் துறையில் இருந்தார் என்றேன். (இருந்தார்தானே, அதுவும் மாடியில்.) வீட்டில் ஆங்கிலந்தான், தமிழ் சரியாக வராது என்றும் சேர்த்துக்கொண்டேன். இந்தக் கடைசிப் பொய்யை யாரும் கேட்கவில்லை. நானாக வலியப் போய்க் கொடுத்தேன். சண்முகம் என்கிற பெயரை ஷான் என்று நறுக்கியதும் நான்தான். அடுத்த வாரம் உரப்பை போய்க் கோட்டு வந்தது. பதினான்காவது வீரன் ஆனேன்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லி வைத்தேன். அம்மா அதை நம்பி விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுட்டுச் சம்பலும் வைத்துக் கட்டிக் கொடுப்பார். எங்கள் லயம் தூரத்தில் இல்லை. ஹோட்டல் புல்வெளியில் நின்று எதிர் மலையைப் பார்த்தால் தகரக் கூரை தெரியும். நடுவில் ஒரு ஆறு, இரண்டு மலைத் தேயிலை. பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பதினோராவது ஞாயிறு பெரிய நாள். கொழும்பிலிருந்து விருந்தினர் நாற்பது பேர், குடைக்குக் கீழே நாற்காலிகள், டீ. அன்று காட்சி முடிந்ததும் ஒருவரை லெப்டினன்டாக உயர்த்துவதாகக் கேப்டன் அறிவித்திருந்தார். லெப்டினன்டுக்கு ஒரு வாளும் இடுப்பில் கட்ட ஒரு சிவப்புப் பட்டும் உண்டு. போட்டியில் இருந்தது நானும், கைக்கடிகாரப் பல் டாக்டரும். அந்தப் பட்டுக்காக நான் மூன்று நாள் தூங்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு ஏக்கம் இருக்காது.

அதுவரை நான் வெறும் துவக்கோடுதான் பழகியிருந்தேன். மருந்து போட்டுச் சுடுவது அன்றுதான் முதல் தடவை. கேப்டன் ஒரே ஒரு விதியை மூன்று முறை சொன்னார். வெடித்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் கையைத் தூக்கிவிட்டு வரிசையிலிருந்து பின்னால் வா. மறுபடி மருந்து போடாதே. வெடித்தால் தோளை உதைக்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றும் சொன்னார்.

மதியம் இரண்டரைக்கு மூடுபனி இறங்கியது. மருந்து நமத்துப்போகும் காலநிலை. கேப்டன் வாளை உயர்த்தி இறக்கினார். பதினான்கு பேரும் ஒன்றாகச் சுட்டோம். பதின்மூன்று துவக்கு வெடித்தது. என்னுடையதில் கேப்பு மட்டும் 'டிக்' என்றது. அந்தச் சத்தத்துக்குள் எது எவனுடையது என்று யாருக்குத் தெரியும்? என் தோளை ஒன்றும் உதைக்கவில்லை. அதை நான் என் தோளின் பலம் என்று எடுத்துக்கொண்டேன். (அந்த வயதில் என் தோளைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.)

மறுபடி மருந்து போட்டு இடித்தேன். இரும்புக் கோல் முன்பு போன ஆழத்துக்குப் போகவில்லை, நாலு விரல் வெளியே நின்றது. அதைக் கண்ணால் பார்த்தேன். மனசுக்குள் ஏதோ இடறியது. கையைத் தூக்க வேண்டியதுதான். தூக்கினால் நாற்பது பேர் முன்னால் பின்னுக்குப் போக வேண்டும், பட்டு பல் டாக்டரின் இடுப்புக்குப் போகும். நான் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது வரிசை வெடியும் அப்படியே போனது. பதின்மூன்று 'டுமீல்', ஒரு 'டிக்'.

மூன்றாவதாக, கொடிக்கு மரியாதையாக ஒருவர் மட்டும் தனியே சுட வேண்டும். கேப்டன் என் பெயரைச் சொன்னார். இதைவிட வேறென்ன வேண்டும்? வரிசைக்கு முன்னால் நான்கு அடி எடுத்து வைத்தேன். மூன்றாவது சுருளையும் கடித்துக் கொட்டி, இடித்து, கேப்பு வைத்து, தாடையை உயர்த்தி நின்றேன். விருந்தினரில் ஒரு பெண் போனைத் தூக்கினார். அதற்காகத் தாடையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

மூன்று பேருக்கான மருந்து ஒரே குழலில் வெடித்தால் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகமும் படிக்கத் தேவையில்லை, என்னைக் கேட்டால் போதும். சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. வெள்ளையாக ஒரு மேகம் வந்தது. அது விலகியபோது நான் ஹைட்ரேஞ்சியாப் பாத்தியில் கால் இரண்டும் வானத்தைப் பார்க்கக் கிடந்தேன். தொப்பியைக் காணோம். முகம், கழுத்து, பல், எல்லாம் கரி. சத்தம் எதிர் மலைக்குப் போய் முட்டித் திரும்பி வந்து, போதாதென்று இன்னொரு மலைக்குப் போனது. அதைத்தான் நான் முதலில் கேட்டேன். கான்ஸ்டபிள் பெட்டிஸைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். விருந்தினர்கள் கைதட்டினார்கள், இதுவும் காட்சியில் உள்ளது என்று நினைத்துக்கொண்டு. கேப்டன் என்னைத் தூக்கி நிறுத்தி, அந்தக் காலத்து வெடி அசலாக இப்படித்தான் இருந்திருக்கும் என்றார்.

இங்கே கதையை நிறுத்தி எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாததுதான், ஆனாலும் மலையில் எல்லோருக்கும் தெரியும். இரவில் காட்டுப்பன்றி வந்து மரக்கறித் தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். அதற்கு யாரிடமாவது ஒரு துவக்கு இருக்கும். யாரிடம் என்று யாரும் கேட்பதில்லை. வேலையில்லாத நாளில், பகலில், மலையில் கனமாக ஒற்றை வெடி கேட்டால் பன்றி விழுந்துவிட்டது என்று அர்த்தம். கூப்பிடுவதில்லை, சத்தம் போடுவதில்லை. லயத்தில் ஆளுக்கொரு பையையோ சட்டியையோ எடுத்துச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு சத்தம் வந்த திசையில் நடக்க வேண்டும். வெட்டும்போது அங்கே நிற்கிறவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. பிந்தி வந்தால் எலும்புதான். அதனால் எல்லோரும் வேகமாக நடப்பார்கள். யாரும் மேற்பார்வை பார்க்காமல் எங்கள் தோட்டத்தில் ஒழுங்காக நடக்கிற காரியம் அது ஒன்றுதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பத்து வயதில் நானே சட்டி தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். கோட்டு போட்ட பிறகு மறந்துவிட்டது.

அரை மணி நேரம் போயிருக்கும். கேப்டன் கோப்பிக் காலத்து வீரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். புல்வெளியின் கீழ் ஓரத்தில், தேயிலைச் செடிகளுக்கு மேலே, ஒரு தலை தெரிந்தது. பிறகு நாலு தலை. பிறகு இருபது பேர் வேலியைத் தாண்டி, மூச்சு வாங்க, ஒரு வார்த்தை பேசாமல் புல்வெளியில் வந்து நின்றார்கள். கையில் சிலிசிலி என்கிற பிளாஸ்டிக் பைகள், உரப்பைகள், சட்டிகள். மாரிமுத்து மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேப்பரில் சுற்றிய கத்தியோடு நின்றார். எங்கள் தோட்டத்தில் பன்றி அறுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எல்லோருக்கும் முன்னால், அலுமினியச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் அம்மா.

ஹைட்ரேஞ்சியாப் பாத்திக்கே திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

கேப்டனுக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. ஹோட்டல்காரர்கள் தனக்குச் சொல்லாமல் நிஜக் கூலிகளை ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த காட்சி பெரட்டு. அதாவது காலையில் துரை முன்னால் ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுத்து வேலைக்குப் பிரிகிற காட்சி. உரப்பையில் நின்ற ஹோட்டல் ஆட்களைக் கையசைத்து விலக்கிவிட்டு, இவர்களை வரிசையில் நிறுத்தும்படி என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். உனக்குத்தான் கொஞ்சம் தமிழ் தெரியுமே, அது போதும் என்றார்.

நான் நடந்து போனேன். அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். சிவப்புக் கோட்டும் கரி முகமும்தான் அவருக்குத் தெரிந்தது. மரியாதையாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"பன்னி எங்கங்க தொரை?"

இருபது வருஷமாக என்னைக் கழுவி, சாப்பாடு ஊட்டி, படிக்க வைத்த மனுஷி. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை வாசிக்கிற நீங்கள் எல்லோரும் சொல்லிவிடுவீர்கள். நான் செய்தது இது. கேப்டனுக்குக் கேட்கும்படி, நாக்கை மடித்துக்கொண்டு, துரைத் தமிழில் பேசினேன்.

"பன்னி... இல்லே. நீங்கே... வரிசே... நில்லு."

அம்மாவின் கண் என் முகத்தில் அலைந்து இடது காதில் போய் நின்றது. சின்ன வயதில் நாய் கடித்துக் கிழித்த காது அது. தையலுக்காக என்னைத் தூக்கிக்கொண்டு அவரே டிக்கோயா ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறார். அந்தத் தையலை எந்தக் கரியும் மறைக்காது. சட்டி இடுப்பிலிருந்து கொஞ்சம் நழுவியது. பிடித்துக்கொண்டார்.

மாரிமுத்து மாமாவும் பார்த்துவிட்டார். "யக்கா, இது நம்ம சம்முகம் மாதிரி..."

"வாய மூடு. சம்முகம் ஓவர்டைம் போயிருக்கான்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தொரைக்குத் தமிழ் வராதுங்களா? பரவால்லங்க. நாங்க மெதுவாப் பேசுறோம்."

அவள் என்ன சொல்கிறாள் என்று கேப்டன் கேட்டார். காட்சியில் கலந்துகொள்வதில் மிகுந்த மகிழ்ச்சி என்கிறாள் என்று மொழிபெயர்த்தேன்.

வரிசை என்கிற வார்த்தை மட்டும் மாமாவுக்கு விளங்கியிருந்தது. வாரத்தில் ஆறு நாள் காலையில் வரிசையில் நிற்கிற மனிதர். கத்தியைப் புல்லில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ஞாயித்துக்கெழம பெரட்டு கெடையாதுங்க" என்றார். உடனே இருபது பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். சட்டிகளை முன்னால் வரிசையாக வைத்தார்கள். வரிசை என்று பார்த்தால் அது ஒன்றுதான் அன்று ஒழுங்காக அமைந்தது.

ஆட்கள் களைப்பாக இருக்கிறார்கள் என்று நான் கேப்டனுக்குச் சொன்னேன்.

அவர்கள் களைப்பாக இல்லை, சந்தேகத்தில் இருந்தார்கள். இவ்வளவு பெரிய வெடி, இத்தனை துவக்கு, பன்றி இல்லையென்றால் யார் நம்புவது? துரைமார் பங்கு கொடுக்க மனசில்லாமல் பன்றியைச் சமையலறையில் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று முணுமுணுப்புக் கிளம்பியது. இரண்டு பேர் போய்ச் சமையலறையை எட்டிப் பார்த்தார்கள். அங்கே கான்ஸ்டபிள் அவர்களிடம் சிங்களத்தில் அதே கேள்வியைக் கேட்டாராம், பன்றி எங்கே என்று. மாமா எழுந்து போய் நான் விழுந்த பாத்தியில் குனிந்து இரத்தம் தேடினார். விருந்தினர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து எல்லாவற்றையும் படமெடுத்தார்கள். சட்டிகளைத் தனியாகவும் எடுத்தார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் அம்மா பாத்தியைப் பார்ப்பதுபோல என் பக்கத்தில் வந்தார். என்னைப் பார்க்காமல், உதடு அசையாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஒடம்புல எங்கயும் அடி இல்லல்ல?"

கேப்டன் இரண்டு அடி தள்ளி நின்றார்.

"நோ, தேங்க் யூ" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பேசிய ஆங்கிலத்தில் இன்றுவரை என் காதில் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மூன்று வார்த்தைதான். அம்மா தலையாட்டிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் விஷயம் என்னவென்று கான்ஸ்டபிள்தான் கேப்டனுக்கு விளக்கினார். கேப்டன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெறுங்கையோடு அனுப்புவது துரைக்கு அழகல்ல என்று சொல்லி, விருந்தினருக்குச் செய்து மிஞ்சிய வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுகளைக் கொண்டுவரச் சொன்னார். பன்றிக்கென்று கொண்டுவந்த சட்டிகளில் முக்கோணமாக வெட்டிய பாண் துண்டுகள் விழுந்தன. உரப்பை கொண்டுவந்தவருக்கு அதன் அடியில் இரண்டு துண்டு.

அவர்கள் கிளம்பும் முன் கேப்டன் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டார். எதிர்பாராமல் வந்த சுதேசிகளை, அவர்கள் மொழி சரியாகத் தெரியாமலே, பதறாமல் சமாளித்தவன் பிறவி அதிகாரி என்றார். பட்டை என் இடுப்பில் அவர் கையாலேயே கட்டினார். விருந்தினர்கள் தட்டினார்கள். எதற்கு என்று தெரியாமல் எங்கள் லயத்து ஆட்களும் தட்டினார்கள். அம்மாவும் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, யாரும் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள் என்கிற முட்டாள் நம்பிக்கையோடு லயத்துக்கு ஏறினேன். முதல் வீட்டு வாசலிலிருந்து கடைசி வீடு வரைக்கும் சலாம் போட்டார்கள். சின்னப்பிள்ளை முதல் கிழடு வரை, எழுந்து நின்று, "வாங்க தொரை." மாரிமுத்து மாமா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு தடவை கேட்டது பட்டாசு என்று தனக்கு அப்போதே தெரியுமாம், மூன்றாவது சத்தந்தான் ஆளை ஏமாற்றிவிட்டதாம். சாண்ட்விச்சைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். "இதத் தின்னு தாங்காமத்தான் வெள்ளைக்காரன் ஊரு போய்ச் சேந்துருக்கான்."

அம்மா தட்டில் நாலு முக்கோணத்தை வைத்து என் முன்னால் தள்ளினார். நான் அழுதேன் என்றால் நாடகமாக இருக்கும். ஆனால் அழுதேன். மன்னிச்சுக்கம்மா என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கோட்டப் போடு, துவக்கப் புடி, அது ஒன் இஷ்டம். எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத் தமிழு வராதுன்ன பாரு, அதான்டா எனக்குத் தாங்கல."

அதற்குப் பிறகு நான் அந்தக் கோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன் என்று நீங்கள் நினைத்தால், என்னைப் பற்றி உங்களுக்கு இன்னும் நல்லெண்ணம் இருக்கிறது. அடுத்த ஞாயிறும் போனேன். பட்டு கிடைத்து ஒரு வாரங்கூட ஆகவில்லை, எப்படி விடுவது? போனால், கேப்டன் புதிய காட்சி ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். கூலிகள் வெடிச் சத்தம் கேட்டுப் பன்றிக்குச் சட்டியோடு ஓடி வருகிற காட்சி. வரலாற்றில் நடந்ததை நாம் தற்செயலாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்றார். அறைகளைச் சுத்தம் செய்கிற பையன் ஒருவனுக்குச் சேலை கட்டி, முகத்தில் கரி பூசி, இடுப்பில் அலுமினியச் சட்டி கொடுத்திருந்தார்கள். அன்று அந்தக் கிழவி கேட்டாளே, அந்த வசனத்தை இவனுக்கு அசலாகச் சொல்லிக்கொடு என்று கேப்டன் என்னிடம் சொன்னார்.

நான் பட்டை அவிழ்த்தேன். கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தேன். அந்த இடத்தில் நாலு நல்ல வார்த்தை பேசியிருக்க வேண்டும். அவற்றைப் பிறகு பல வருஷம் குளிக்கும்போது பேசிப் பார்த்திருக்கிறேன், மிக நன்றாக வருகிறது. அன்று வாயில் வந்தது வயிறு சரியில்லை என்பது மட்டும். லெப்டினன்ட் பதவி பல் டாக்டருக்குப் போனது. அந்தக் காட்சியை இப்போதும் போடுகிறார்கள் என்று கேள்வி. ஆகக் கூடுதலாகக் கைதட்டு வாங்குவது அதுதானாம்.

எனக்குக் கல்யாணமாகி, ஹட்டனில் குடியேறி, இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கே நான் தொரைதான். கடையில் பன்றி இறைச்சி வாங்கி வந்தால், இது எத்தனை வெடிக்கு விழுந்தது என்று மனைவி கேட்பாள். இதெல்லாம் பழகிவிட்டது. போன வருஷம் அம்மாவுக்குக் கண்ணில் ஒரு சத்திரசிகிச்சை. டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மறுநாள் பார்வையாளர் நேரத்தில், கையில் பழப் பையோடு வார்டுக்குள் போனேன். ஒரு கண்ணில் கட்டோடு அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தமிழ் பேசுகிற இளவயது நர்ஸ் ஒருவர் கட்டிலண்டை நின்று, இவர் யார் என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா மிச்சமிருந்த ஒரு கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியாதுங்க மிஸ். யாரோ தொரை. தமிழு வராது, பாவம்."

நர்ஸ் நம்பிவிட்டார். என் பக்கம் திரும்பி, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார். "நீங்க... இவங்களுக்கு... யாரு?"

வார்டில் பதினாறு கட்டில். பதினாறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"மகன்" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வாசலில் நின்ற காவலாளிகூடத் திரும்பினார். "நான் இவங்க மகன். பேரு சண்முகம்."

அம்மா நர்ஸைப் பார்த்தார்.

"பரவால்லயே," என்றார், "கத்துக்கிட்டாரு."